கிளித்தட்டிலிருந்து வாள்வீச்சுக்கு

கல்லூரிக் கிறிக்கெற் பற்றி எழுத இம்மலரில் ஆட்கள் குறைவில்லை. என் பங்குக்கு, கோட்டில் நின்று எதிரணியாளைக் கடக்கவிடாமல் மறிக்கும் கிளித்தட்டும், பிறகு லண்டனில் பல்கலைக்கழகக் கழகத்தில் பழகிய வாள்வீச்சும்தான் இருக்கின்றன.

வாளைக் கையில் தருவார்கள் என்ற ஆசையில்தான் எல்லோரும் போவார்கள். முதல் வாரங்களில் கிடைப்பது கால் பயிற்சி. முன்பாதம் எதிராளியை நோக்க, பின்பாதம் குறுக்காக, முழங்கால் மடித்து நிற்கவேண்டும். முன்னேறும்போது முன்காலின் குதி முதலில் படும். பின்கால் அதே அளவு தொடரும். பின்வாங்கும்போது பின்கால் முதலில். கால் பின்னக்கூடாது. மறுநாள் படியிறங்கும்போது தொடை பேசும்.

எனக்கு இது புதிதல்ல. கோட்டில் நின்று மறிப்பவன் காலைப் பின்னினால் அந்த நொடியிலேயே ஆள் பாய்ந்துவிடுவான் என்பது நம் மைதானத்தில் படித்ததே.

புதிதாகப் படித்தது தூரம். ஆடுகளம் 14 மீற்றர் நீளம். நடுக்கோட்டிலிருந்து 2 மீற்றர் தள்ளி ஆளுக்கொரு பக்கம் நின்று தொடங்குவோம். கை நீட்டினாலே படும் தூரம் ஒன்று, பாய்ந்தால் படும் தூரம் ஒன்று, ஓரடி வைத்துப் பாய்ந்தால் படுவது இன்னொன்று. பயிற்றுநர் கையுறை ஒன்றை உயரப் பிடித்துச் சட்டென்று விடுவார். விழுமுன் பாய்ந்து பிடிக்கவேண்டும். கை நீண்ட பிறகே கால் எழவேண்டும். பிடிக்கப் பழகியதும், ஒன்றும் சொல்லாமல் அரை அடி பின்னால் போய் நிற்பார். அதைக் கவனித்தவன் முதலில் ஓர் அடி வைத்துக்கொள்வான். கவனியாதவன் காற்றைப் பிடிப்பான்.

உயரமானவரோடு ஆடினால் கணக்கே வேறு. அவர் வாள் நம்மை எட்டும் இடத்தில் நம் வாள் அவரை எட்டாது. அங்கே நின்று யோசித்தால் குத்து விழும். ஒன்றில் வெளியே நிற்கவேண்டும், இல்லையேல் அவர் கை நீட்டுமுன் உள்ளே புகவேண்டும்.

டோக்கியோ ஒலிம்பிக்கில் சென்னைப் பெண் பவானி தேவி முதல் ஆட்டத்தை 15-3 என வென்றபோது (2021) வீட்டார் வாளைப் பார்த்தார்கள், நான் காலைப் பார்த்தேன். அவருடையது சேபர் என்ற வாள்வகை, அதில் முன்னேறும்போது பின்கால் முன்காலைத் தாண்டினாலே குற்றம்.

பிள்ளைகளை அனுப்ப நினைக்கும் பெற்றோருக்கு ஒன்று: முகமூடி, சட்டை, வாள் எல்லாம் ஆரம்பத்தில் பெரும்பாலான கழகங்களே இரவல் தரும். முதல் வகுப்புக்குச் சப்பாத்தும் நீளக் காற்சட்டையும் போதும்.