பன்வேல் தாண்டினால்

ஜூலை 9, 2023, ஞாயிறு

தம்பி வண்டியை நிறுத்திவிட்டு மேலே வரும்போது இரவு பதினொன்றரை. விடிகாலை நான்கு மணிக்கு மும்பை தாராவியிலிருந்து நம் முறுக்கை ஏற்றிக்கொண்டு கிளம்பினவன். கோவா ரோட்டில் மகாட் வரை சுமார் 170 கிலோமீட்டர்தான். போக ஏழு மணி நேரம், வர ஏழு மணி நேரம், நடுவில் கடை கடையாக இறக்குகிற நேரம் வேறு. சாப்பாடுகூடக் கேட்காமல் தரையில் மல்லாந்துவிட்டான். இடுப்புக்கு அடியில் தலையணையைச் செருகிவிட்டேன்.

மாண்காவ் பக்கத்துக் கடைக்காரர் வேண்டாம் என்று திருப்பிவிட்ட ஐந்து கிலோ டப்பா ஒன்று வந்திருக்கிறது. மேல் அடுக்கு அப்படியே முழு முறுக்கு. அதை எடுத்துவிட்டுக் கையை உள்ளே விட்டால் பிறை பிறையாக உடைசல், அடியில் வெறும் மாவு. சலித்து எடை போட்டேன். முழுசு மூன்றரை கிலோ, உடைசல் ஒன்றேகால், மீதி கால் கிலோ தூள். உடைசலைப் பாதி விலைக்குத் தெருப் பிள்ளைகள் வாங்கிக்கொள்ளும். தூளுக்கு யாரும் காசு தர மாட்டார்கள்.

சயானிலிருந்து பன்வேல் வரை ஒரு முறுக்குகூட உடைவதில்லை என்று தம்பி சத்தியம் செய்கிறான். பள்ஸ்பே தாண்டி கோவா ரோட்டில் ஏறின பிறகுதான் எல்லாம்.

ஜூலை 10, திங்கள்

"அக்கா, வெண்ணெயைக் கொஞ்சம் குறைச்சு மாவைக் கெட்டியாப் பிசையேன். உடையவே உடையாது" என்கிறான்.

உடையாதுதான். பல்லும் இறங்காது. நாலு பங்கு அரிசி மாவுக்கு ஒரு பங்கு வறுத்த உளுந்து மாவு, காய்ச்சாத வெண்ணெய், எள், ஓமம். அம்மா திருநெல்வேலியிலிருந்து கொண்டுவந்த பக்குவம் இது. இதைத்தான் கொங்கணத்தில் "மதராசி சக்லி" என்று கேட்டு வாங்குகிறார்கள். ரோடு சரியில்லை என்பதற்காக அதை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. முடியாது என்று சொல்லிவிட்டேன். அவனுக்குக் கோபம். இடுப்பு வலிப்பது அவனுக்குத்தானே, அந்தக் கோபம் நியாயம்தான்.

ஜூலை 23, ஞாயிறு

நானே கண்ணால் பார்க்க வேண்டும் என்று இன்று வண்டியில் கூடப் போனேன். நான்கு நாள் முன்னால்தான் இதே ராய்கட் மாவட்டத்தில் இர்ஷால்வாடி கிராமத்தின் மேல் மலை சரிந்தது. மழை விடவில்லை. வீட்டில் போகவேண்டாம் என்றார்கள்.

கர்நாளா காடு தாண்டிக் கொஞ்ச தூரம் நன்றாகத்தான் இருந்தது. வட்கள் என்ற ஊருக்கு அப்புறம் நான்கு வழிச் சாலை, இரண்டு வழி, ஒற்றைச் சேறு என்று மாறி மாறி வந்தது. புதுக் கான்கிரீட் பளபளவென்று அரை கிலோமீட்டர் ஓடும். திடீரென்று மண்மேடு, 'டைவர்ஷன்' பலகை, கீழே பழைய தார் ரோடு. பாலத்துக்குத் தூண் நிற்கிறது, மேலே பாலம் இல்லை. தூணில் செடி முளைத்திருக்கிறது. குழிகளில் நடைபாதைக்குப் போடுகிற பேவர் பிளாக் கற்களை அடுக்கியிருக்கிறார்கள். மழையில் அது பெயர்ந்து, பெயர்ந்த கல்லே அடுத்த வண்டிக்கு எமனாகக் கிடக்கிறது. நாகோட்டணே அருகே பைக் ஓட்டி வந்த ஒருவர் அப்படி ஒரு கல்லில் ஏறி விழுந்து, முழங்கை தோலுரிந்து, மனைவி கைப்பிடியில் எழுந்து நின்றதைப் பார்த்தேன். தம்பி தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தான்.

மாண்காவ் தாண்டி நம் சரக்கு வாங்குகிற காகாவின் கடை. காகா என்றால் மராத்தியில் சித்தப்பா, அப்படித்தான் அவரைக் கூப்பிடுவோம். சாலையை அகலப்படுத்த நிலம் எடுத்தபோது கடையின் முன்பாதி போய்விட்டது. மீதிப் பாதியில் வியாபாரம். என் அம்மாவோடு சின்ன வயதில் வந்தபோது இரண்டு படி ஏறிப் போன ஞாபகம். இன்று ஐந்து படி இறங்கிப் போனேன். சாலையை உயர்த்த உயர்த்த அவர் ஒவ்வொரு படியாகக் கட்டிக்கொண்டே வந்திருக்கிறார். சர்வீஸ் ரோடும் இல்லை, மழைநீர் போக வடிகாலும் இல்லை. தண்ணீர் நேரே கடைக்குள்தான் வருகிறது. கரண்டு மீட்டரை உத்தரத்துக்குப் பக்கத்தில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். வெயில் காலத்தில் இதே இடம் செம்மண் புழுதி. அவர் மனைவி காகு கண்ணாடிப் பரணிகளை மணிக்கொருதரம் துடைப்பாராம்.

"தாயி, வண்டி வேகமா போற ரோட்டிலே யாரும் நிக்கமாட்டாங்கன்னு பயந்தேன்" என்றார் காகா. "இப்ப எல்லாரும் நிக்கிறாங்க. ஜாம்லே. ஆனா இறங்கி வர இடமில்லே."

ஆகஸ்ட் 2, புதன்

இன்று ஏழு வருடம். 2016-ல் இதே நாள் இரவு மகாட்டில் சாவித்திரி ஆற்றின் மேல் இருந்த வெள்ளைக்காரன் காலத்துக் கல்பாலம் வெள்ளத்தில் போனது. இரண்டு அரசுப் பேருந்துகளும் அவற்றில் இருந்தவர்களும் அடித்துச் செல்லப்பட்டார்கள். பல நாள் கழித்து உடல்கள் கிடைத்தன, சிலருடையது கிடைக்கவேயில்லை. மழைக்காலத்தில் அந்த இடம் வரும்போது தம்பி இப்போதும் வண்டியை மெதுவாக்கிவிடுவான்.

அந்தப் பாலத்தின் இடத்தில் புதுப் பாலத்தை 165 நாளில் கட்டி 2017 ஜூனில் திறந்தார்கள். நல்ல பாலம். இன்று காகாவிடம் போனில் பேசியபோது அவரும் இதையேதான் சொன்னார். பாலத்துக்கு 165 நாள், 2011-ல் அகலப்படுத்தத் தொடங்கின இந்தச் சாலைக்குப் பன்னிரண்டு வருடம், இன்னும் முடியவில்லை. எனக்கு இரவு முழுக்க இதே நினைவு. நிலம் எடுப்பதில் தாமதம் என்றார்கள். கர்நாளா சரணாலயத்துக்கு வனத்துறை அனுமதி என்றார்கள். ஒப்பந்தக்காரர் பணமில்லாமல் நின்றுவிட்டார் என்றார்கள். பன்வேலிலிருந்து இந்தாபூர் வரை 84 கிலோமீட்டர் ஒருவர் பொறுப்பு, அதற்குத் தெற்கே வேறொருவர் பொறுப்பு என்றார்கள். எல்லாம் உண்மையாகவே இருக்கட்டும். ஆட்கள் செத்த பிறகு 165 நாளில் செய்ய முடிந்தவர்களுக்கு, சாகும் முன்னால் செய்ய ஏன் முடியவில்லை?

கொங்கணத்தைச் சேர்ந்த ஒரு வழக்கறிஞர் இதற்காக மும்பை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டு வருடக்கணக்காக நடத்துகிறார். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 21, திங்கள்

கோலாடில் வண்டியின் ஸ்பிரிங் பட்டை முறிந்தது. ஒரு நாள் சம்பாத்தியம் போயிற்று.

செப்டம்பர் 17, ஞாயிறு

நாளை மறுநாள் கணபதி. மும்பையில் வேலை பார்க்கிற கொங்கணத்துக்காரர்களைச் சாகர்மானி என்பார்கள். அவர்கள் எல்லாரும் இந்த வாரம் ஊருக்குப் போகிறார்கள். ரயிலில் இடம் கிடைக்காதவர்களுக்கு இந்த ரோடுதான். ஒரு பக்கப் பாதையாவது கணபதிக்குள் முடிந்துவிடும் என்று அமைச்சர் சொல்லியிருந்தார். பல இடங்களில் முடியவில்லை.

காகாவின் மகன் விக்ரோலியில் இருக்கிறார். நேற்று இரவு ஒன்பது மணிக்குக் கைக்குழந்தையோடு பஸ் ஏறினவர் இன்று காலை பத்து மணிக்குத்தான் வீட்டுவாசலில் இறங்கினாராம். வழியில் பால் திரிந்துபோய், குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். கனரக லாரிகளை நிறுத்தி வைத்தும் இந்தக் கதி.

ஒரு நல்லதும் எழுத வேண்டும். போலாத்பூர் தாண்டிக் கசேடி மலையில் குடைந்த சுரங்கத்தில் ஒரு பாதையைச் சின்ன வண்டிகளுக்குத் திறந்திருக்கிறார்கள். மலைப்பாதையில் முக்கால் மணி நேரம் ஆவது அதில் பத்துப் பதினைந்து நிமிடம்தானாம். கேத் பக்கத்து உறவுக்காரர்கள் அதைச் சொல்லும்போது காகாவுக்கே குரலில் சந்தோஷம். அந்த மக்கள் கேட்பதெல்லாம் இவ்வளவுதான்.

அக்டோபர் 1, ஞாயிறு

ஒரு வழி கிடைத்திருக்கிறது. முறுக்கை அடுக்கி, இடைவெளியில் எல்லாம் குர்முரா பொரியைக் கொட்டி டப்பாவை நிரப்பினேன். பொரி அமுங்கிக்கொடுக்கிறது, முறுக்கு ஒன்றோடொன்று மோதுவதில்லை. ஐந்து கிலோ பிடித்த டப்பாவில் இப்போது நான்குதான் பிடிக்கிறது. ஆனால் உடைசல் கால் கிலோவுக்கும் கீழே. பொரியைக் காகு பேல்பூரி கலக்க எடுத்துக்கொள்கிறார். வெண்ணெயில் ஒரு ஸ்பூன் குறைக்கவில்லை. தம்பிக்கும் இப்போது கோபம் இல்லை.

அக்டோபர் 16, திங்கள்

மாலை செய்தியில் பார்த்தேன். சிப்ளூண் பகதூர்ஷேக் நாக்காவில் இதே சாலைக்காகக் கட்டிக்கொண்டிருந்த மேம்பாலம் இன்று இடிந்து விழுந்தது. கட்டி முடிப்பதற்குள்ளேயே. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை, அதற்குக் கடவுளுக்கு நன்றி.

காகாவின் மகள் சிப்ளூணில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். பதறிப்போய் போன் செய்தேன். அவள் நன்றாக இருக்கிறாள். காகா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் அவராகவே, "தாமதமானாலும் நல்லா கட்டறாங்கன்னு மனசைத் தேத்திட்டு இருந்தேன் தாயி" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

தாராவியில் எங்களுக்கும் காத்திருப்பு புதிதில்லை. 2004-ல் மறுசீரமைப்பு என்று அறிவித்தார்கள், 90 அடி ரோட்டில் அதே வீட்டில்தான் இன்றும் உளுந்து வறுக்கிறேன். ஆனால் நாங்கள் இருக்கிற வீட்டில் இருந்துகொண்டு காத்திருக்கிறோம். அவர்கள் பாதிக் கடையை முதலிலேயே கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள்.

அக்டோபர் 29, ஞாயிறு

தீபாவளிக்கு இரண்டு வாரம். அறுபது கிலோ உளுந்து வறுத்து மெஷினுக்குக் கொடுத்தாயிற்று. மூன்று பெண்கள் கூடுதலாக வருகிறார்கள். மகாட் லைனுக்கு மட்டும் நாற்பது டப்பா. நாளை விடிகாலை முதல் லோடு. வட்கள் வழி வேண்டாம், கோபோலி, பாலி போய் வாகணில் இறங்கலாம் என்று தம்பி சொல்கிறான். தூரம் கூடும், முறுக்குப் பிழைக்கும்.

ராத்திரி காகா போன் செய்தார். கடைக்கு எதிரே போன வாரம் மறுபடி மண் கொட்டி உயர்த்தியிருக்கிறார்களாம். "ஆறாவது படி கட்டியிருக்கேன் தாயி, சிமெண்ட் இன்னும் காயலே. டப்பாவைத் தலையில் வச்சுகிட்டு வர்றப்ப தம்பியைப் பார்த்து இறங்கச் சொல்லு."