பெயரை வைத்து வேரைச் சொல்லிவிட முடியாது

ராக் கலைஞர்களின் யூதக் குடும்பங்களைப் பற்றி எழுதும்போது ஒரு கதை தவறாமல் வந்துவிடுகிறது. தாத்தா கப்பலில் வந்து இறங்கினார், நியூயார்க் துறைமுகத்தில் குடியேறிகளைச் சோதித்த எல்லிஸ் தீவு நிலையத்தின் அதிகாரிக்குப் பெயர் வாயில் நுழையவில்லை, அவரே சுருக்கி எழுதிவிட்டார். தயவுசெய்து இதை இனி எழுதாதீர்கள். பயணிகள் பட்டியல் கப்பல் புறப்படும் துறைமுகத்திலேயே தயாராகிவிடும். எல்லிஸ் தீவில் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஆளை விசாரித்துச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான்.

பெயரை மாற்றிக்கொண்டது அந்தந்தக் குடும்பம்தான். ரபினோவிட்ஸை ரீட் ஆக்கியவர் ராக் பாடகர் லூ ரீடின் அப்பா. ராபர்ட் ஸிம்மர்மன் 1962 ஆகஸ்டில் நியூயார்க் நீதிமன்றத்தின் வழியாகச் சட்டப்படி பாப் டிலன் ஆனார். ரமோன்ஸ் என்ற ராக் குழுவின் டாமி, புடாபெஸ்டில் பிறந்த தமாஸ் எர்டெலி. அவர் குடும்பம் அமெரிக்கா வந்தது 1957-இல். எல்லிஸ் தீவு 1954-லேயே மூடப்பட்டுவிட்டது.

தேடலைக் கலைஞரிடம் தொடங்கிப் பின்னோக்கிப் போங்கள். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள் 72 ஆண்டு கழித்தே திறக்கப்படும். 1950-ஆம் ஆண்டுத் தாள்கள் 2022-இல் வந்தன. 1920-ஆம் ஆண்டுத் தாளில் தாய்மொழிக்குத் தனிக் கட்டம் உண்டு. பிறந்த நாடு ரஷ்யா, தாய்மொழி கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய யித்திஷ் என்றிருந்தால் ரஷ்யர் என்று எழுதிவிடாதீர்கள். லிதுவேனியாவும் உக்ரைன், போலந்தின் பெரும்பகுதியும் முதல் உலகப் போருக்கு முன் ரஷ்யப் பேரரசுக்குள் இருந்தன. டிலனின் அப்பாவழி இன்றைய உக்ரைனின் ஒடெஸா, அம்மாவழி லிதுவேனியா. ஊர் வேண்டுமென்றால் 1907-க்குப் பிந்தைய பயணிகள் பட்டியலைப் பாருங்கள். சொந்த நாட்டில் விட்டுவந்த நெருங்கிய உறவினரின் பெயரும் முகவரியும் அதில் இருக்கும்.

குடும்பப் பெயரை மட்டும் நம்பினால் ‘தி பேண்ட்’ குழுவின் கிட்டார் கலைஞர் ராபி ராபர்ட்சனைத் தவறவிடுவீர்கள். ராபர்ட்சன் என்பது வளர்ப்புத் தந்தையின் பெயர். பெற்ற தந்தை க்ளெகர்மன் என்ற யூதர். அம்மா கனடாவின் சிக்ஸ் நேஷன்ஸ் பழங்குடிப் பகுதியில் வளர்ந்தவர்.

கனடாவின் ரஷ் என்ற ராக் குழுவின் பாடகர் கெடி லீ விஷயத்தில் கணக்கெடுப்பு உதவாது. அவருடைய பெற்றோர் போலந்து யூதர்கள். ஆஷ்விட்ஸ் உள்ளிட்ட நாஜி வதைமுகாம்களில் உயிர் பிழைத்து, போருக்குப் பிறகு கனடா போனார்கள். அங்கே கணக்கெடுப்புத் தாள்கள் 92 ஆண்டு மூடியிருக்கும். 1931-ஆம் ஆண்டுத் தாள்களே 2023-இல்தான் வந்தன. இப்படிப்பட்ட குடும்பங்களுக்கு ஜெர்மனியின் ஆரோல்சன் ஆவணக் காப்பகத்தில் தேட வேண்டும். வதைமுகாம் பதிவுகளும் போருக்குப் பிந்தைய அகதி முகாம் அட்டைகளும் அங்கே உள்ளன. பெரும்பகுதியை இணையத்திலேயே பார்க்கலாம். ஆங்கில எழுத்துக்கூட்டலில் தேடி எதுவும் வரவில்லையென்றால் விட்டுவிடாமல், போலிஷ், ஜெர்மன் எழுத்துக்கூட்டல்களையும் போட்டுப் பாருங்கள். பிறந்த தேதி ஓரிரு ஆண்டு முன்பின் இருந்தாலும் ஒதுக்காதீர்கள். முகாமில் பலர் உயிர் பிழைப்பதற்காக வயதை மாற்றிச் சொன்னார்கள்.