அண்ணன் அனுப்பிய ஐந்து கை விளக்கு

வீட்டைப் புதுப்பிக்கும் வேலை பாதியில் இருக்கும்போது அமெரிக்காவிலிருந்து அண்ணன் ஒரு பித்தளைத் தொங்குவிளக்கை அனுப்பிவைத்தான். ஐந்து கைகள், ஒவ்வொன்றின் நுனியிலும் மெழுகுவர்த்தி மாதிரி ஒரு ஹோல்டர். அங்கே 120 வோல்ட், இங்கே 230. "பல்பை மாற்றினால் போதும், உள்ளே வெறும் வயர்தானே" என்றான்.

பாதி சரி. அந்த ஊர் குண்டு பல்பை இங்கே போட்டால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு மின்சாரம் தின்று பட்டென்று போய்விடும். அதனால் பல்பு மாறியே ஆகவேண்டும். வயரில் 300 வோல்ட் என்று அச்சிட்டிருந்தது, அதுவும் பிரச்சினை இல்லை. ஆனால் ஹோல்டரின் அடியில் 125 வோல்ட் என்றுதான் இருந்தது, அதனால் அதையும் மாற்றவேண்டும். அதைப் படிக்க எனக்கு மூக்குக்கண்ணாடியும் டார்ச்சும் தேவைப்பட்டன.

அதைவிட என்னை உறுத்தியது கறுப்பு வயர். எலக்ட்ரீஷியன் தம்பி ஏணியில் ஏறியதுமே, "கறுப்போட கறுப்பு, வெள்ளையோட சிவப்பு, அஞ்சு நிமிஷம் சார்" என்றான். எங்கள் வீட்டு வயரிங்கில் சிவப்பு என்றால் மின்சாரம் வரும் ஃபேஸ், கறுப்பு என்றால் அது திரும்பிப் போகும் நியூட்ரல். அமெரிக்க விளக்கிலோ கறுப்புதான் ஃபேஸ், வெள்ளை நியூட்ரல். அவன் சொன்னபடி இணைத்தாலும் விளக்கு எரியும், அழகாகவே எரியும். ஆனால் ஹோல்டரின் நடுப்புள்ளிக்குப் போகவேண்டிய ஃபேஸ், பல்பைத் திருகும் வளையத்துக்குப் போய்விடும். சுவிட்சை அணைக்க மறந்து பல்பைக் கழற்றுகிறவருக்கு விரல் படுகிற இடம் அது. இறங்கச் சொல்லி, மல்டிமீட்டரில் எந்த வயர் வளையத்துக்குப் போகிறது என்று காட்டினேன். அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் அவனே, "எல்லா வயரையும் உருவிட்டு நம்ம கலர்லயே போட்டுடலாம் சார்" என்றான்.

பழைய வயரின் நுனியில் புதியதைக் கட்டி ஒவ்வொரு கை வழியாகவும் இழுத்தோம். மூன்றாவது கையில் குழாயின் வாய் பிசிறடித்திருந்தது, அங்கே பழைய இன்சுலேஷன் சீவியிருந்தது. அரத்தால் தேய்த்து, கண்ணாடி நார் உறை போட்ட பிறகுதான் புது வயர் போனது.

ஹோல்டர் மாற்றுவதில் ஒரு கூத்து. பழையது இ12, அதாவது பல்பைத் திருகும் வாய் 12 மில்லிமீட்டர், அதற்கு 230 வோல்ட் பல்பு தேடி அலைய எனக்குப் பொறுமை இல்லை. 14 மில்லிமீட்டர் வாய் உள்ள இ14 ஹோல்டர் வாங்கினேன். அதை விளக்குக் கையில் திருகும் மரை 10 மில்லிமீட்டர் மெட்ரிக். விளக்குக் கையின் மரை அமெரிக்க அங்குலக் கணக்கு, விட்டம் ஏறக்குறைய அதேதான். ஒன்றரைச் சுற்று வெண்ணெய் மாதிரி போகும், அப்புறம் கடித்துக்கொள்ளும். பலம் கொடுத்துத் திருகினால் மரை போச்சு. ஒரு பக்கம் அங்குலம், மறுபக்கம் மெட்ரிக் என்று இருக்கும் இணைப்புத் துண்டு ஐந்து வாங்கும் வரை வேலை நின்றது.

எர்த் வயர் திருகில் ஒழுங்காகத்தான் கட்டியிருந்தது. ஆனாலும் மீட்டரை வைத்தால் பித்தளைக் கைக்கும் எர்த்துக்கும் தொடர்பே இல்லை. திருகுக்கு அடியில் பளபளப்புக்குப் பூசிய வார்னிஷ்! சுரண்டி, பல் வாஷர் போட்டதும் அரை ஓமுக்கும் கீழே வந்தது. கடைசியாக, இன்சுலேஷனைச் சோதிக்கும் மெக்கரில் 500 வோல்ட் விட்டுப் பார்த்து, மெயினில் மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி வேலை செய்கிறதா என்று டெஸ்ட் பட்டனை அமுக்கிய பிறகுதான் மாட்டினோம். எடை முழுவதும் சங்கிலியில், வயர் தொளதொளவென்று.

குளியலறைக்கென்று அண்ணன் கூடவே ஒரு ஐரோப்பிய சுவர் விளக்கும் அனுப்பியிருந்தான். 230 வோல்ட், இரட்டை இன்சுலேஷன் என்பதற்கான இரட்டைச் சதுரக் குறி இருப்பதால் எர்த்தும் வேண்டாம், வேலையே இல்லை என்று நினைத்தேன். லேபிளின் ஓரத்தில் ஐபி20 என்றிருந்தது, அதாவது தண்ணீருக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது. இப்போது அது படுக்கையறையில் எரிகிறது. அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை.