எந்தப் பொறியியல் பிரிவை ஏஐ விழுங்கும்? சிப் சரிபார்ப்பவனின் கணக்கு

பிரிவைத் தேர்ந்தெடுக்கும் பருவம் வந்தாலே இளையவர்களிடமிருந்து ஒரே கேள்விதான் வருகிறது: "அண்ணா, கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தால் ஏஐ வேலையைப் பிடுங்கிவிடுமா? சிவில், மெக்கானிக்கல் என்றால் தப்பிக்கலாமா?" நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன், இப்போது சிப் வடிவமைப்புகளைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். பிரிவின் பெயரை மட்டும் கேட்டு இதற்குப் பதில் சொல்ல என்னால் முடியாது. நான் விசாரிப்பது இரண்டு விஷயங்கள்தான். அந்த வேலையில் நேரும் தவறு எவ்வளவு சீக்கிரம் கண்ணில் படும்? பட்ட பிறகு திருத்த என்ன செலவாகும்?

மென்பொருளில் பெரும்பாலான தவறுகள் உடனே தெரிந்துவிடும். நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் முரண்டு பிடிக்கும், டெஸ்ட் தோற்கும், திருத்திவிட்டு மறுபடி ஓட்டலாம். கற்றுக்கொள்ள நிரல்களும் இணையத்தில் மலைபோலக் கிடக்கின்றன. ஏஐ கருவிகள் இங்கே வேகமாகத் தேறியதற்கு இவையே பெரிய காரணங்கள். 2021இல் முன்னோட்டமாக வந்த கிட்ஹப் கோபைலட் என்ற நிரல் எழுதும் கருவி சில வரிகளை நிரப்பிக் கொடுத்தது; இன்றைய கருவிகள் முழுக் கோப்புகளையே எழுதி, தாமே ஓட்டிப் பார்க்கின்றன. தொடக்கநிலை நிரலாளர்களின் கவலை நியாயமானதுதான். ஆனால் பணப் பரிவர்த்தனையையோ மருத்துவக் கருவியையோ இயக்கும் மென்பொருளில் தவறு மெதுவாகத்தான் வெளிப்படும், பெரிதாகச் சுடும். அங்கே நிலைமை வேறு.

என் துறையும் மேலோட்டமாகப் பார்த்தால் நிரல் எழுதுவது போலத்தான் தெரியும். சிப்பின் சுற்றை விவரிக்கும் வெரிலாக் மொழியில் ஒரு மாட்யூல் (சுற்றின் ஒரு பகுதி) கேட்டால் ஏஐ எழுதித் தரும், அதைச் சோதிக்கும் நிரலான டெஸ்ட்பெஞ்சும் தரும். வடிவமைப்பை முடித்துத் தயாரிப்புக்கு அனுப்பும் டேப் அவுட்டுக்குப் பிறகுதான் வித்தியாசம் தெரியும். சிலிக்கானாகிவிட்ட பிழையை மென்பொருள்போல அப்டேட் அனுப்பித் தீர்ப்பது பல நேரங்களில் இயலாது. 1994இல் பென்டியம் சிப்பின் வகுத்தல் பிழை வெளிவந்ததே, அதன் காரணம் ஓர் அட்டவணையில் விடுபட்ட சில மதிப்புகள். சிப்புகளை மாற்றித் தர இன்டெல் ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர். ஆகவே டெஸ்ட்பெஞ்சை யார் தட்டச்சு செய்வது என்பது எங்களுக்குப் பெரிய விஷயமில்லை. எதையெல்லாம் சோதிக்க வேண்டும், எப்போது 'போதும்' என்று நிறுத்தலாம் என்ற முடிவுக்குத்தான் சம்பளம்.

சிவிலில் வரைபடம், அளவுக் கணக்கு போன்றவை கருவிகளின் கைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. வடிவமைப்புக்குப் பொறுப்பேற்றுப் பொறியாளர் இடும் கையொப்பம் போகாது. 1981இல் அமெரிக்காவின் கேன்சஸ் சிட்டியில் ஹயாட் ரீஜென்சி ஓட்டலின் தொங்கு நடைபாதைகள் இடிந்து 114 பேர் இறந்தனர். ஒரே நீளக் கம்பியில் இரண்டு நடைபாதைகளும் தொங்க வேண்டிய வடிவமைப்பு, இரண்டு துண்டுக் கம்பிகளாக மாற்றப்பட்டது. மேல் இணைப்பின் மீது சுமை இரட்டிப்பானது. பொறுப்பான பொறியாளர்கள் உரிமத்தை இழந்தார்கள். மென்பொருளிடமிருந்து பறிக்க உரிமம் ஏது?

கெமிக்கலைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஆலையின் பகுதிகளைத் தனித்தனிக் கணினிகள் கவனிக்கும் பரவல் கட்டுப்பாட்டு முறை 1975லேயே வந்துவிட்டது. தானியங்கியுடன் வாழ்ந்து பழகிய துறை அது.

மெக்கானிக்கல் மாணவர்களிடம் மட்டும் ஓர் எச்சரிக்கை. ஒரு பாகத்தைச் சிறு துண்டுகளின் வலையாகப் பிரித்து அது சுமையைத் தாங்குமா என்று கணக்கிடும் ஃபைனைட் எலிமென்ட் மென்பொருளில் பொத்தானை அழுத்தி வண்ணப்படம் எடுப்பதைத் திறமை என்று எண்ண வேண்டாம். அதை ஏஐ உங்களைவிட வேகமாகச் செய்யும். எல்லை நிபந்தனை (பாகம் எங்கே பிடிக்கப்பட்டிருக்கிறது, சுமை எங்கே விழுகிறது) சரியா, வலையை நெருக்கினால் விடை நிலைக்கிறதா, காகிதத்தில் போட்ட உத்தேசக் கணக்குக்குப் பக்கத்திலாவது வருகிறதா என்று பார்ப்பதே திறமை.

படிக்கும்போது என்ன செய்வது? முதல் இரண்டு ஆண்டுகளில் கணக்குகளை ஏஐயிடம் ஒப்படைக்காதீர்கள். விடை தவறாக இருந்தால் மனத்தில் ஓர் உறுத்தல் வர வேண்டும். கையால் போட்டுப் பழகாதவர்களுக்கு அது வருவதில்லை. அதன்பின் தாராளமாகப் பயன்படுத்துங்கள், ஆனால் தலைகீழாக: ஏஐயைச் செய்யச் சொல்லிவிட்டு அதில் பிழை தேடுங்கள். கண்டுபிடித்த பிழைகளை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அழகாக அச்சிட்ட புராஜெக்ட் அறிக்கையைவிட அந்த நோட்டு நேர்காணலில் அதிகம் பேசும்.

எங்கள் குழுவின் நேர்காணலில் இப்போது மாட்யூல் எழுதச் சொல்வதில்லை. ஏஐ எழுதிய ஃபைஃபோ (முதலில் வந்த தரவை முதலில் வெளியே அனுப்பும் வரிசை நினைவகம்) ஒன்றைக் கொடுத்து, எங்கே உடையும் என்று கேட்கிறோம். பலர் தொடரியல் பிழையை, அதாவது நிரலின் எழுத்துப் பிழையை, தேடுகிறார்கள். நிரம்பியிருக்கும்போது ஒரே கிளாக் துடிப்பில் எழுதவும் படிக்கவும் கட்டளை வந்தால் என்ன ஆகும் என்று திருப்பிக் கேட்பவர்களே அடுத்த சுற்றுக்குப் போகிறார்கள்.