முப்பந்தல் காற்றிலும் இறங்காத முள்

நாகர்கோவிலுக்குள் ஓட்டும்வரை எங்கள் பழைய டீசல் வண்டிக்கு ஒரு குறையும் கிடையாது. வடசேரி, செட்டிகுளம் நெரிசலில் ஏசி போட்டு அரைமணி நேரம் ஊர்ந்தாலும் டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டாது. மதுரைக்குக் கிளம்பினால்தான் வினை. நாங்குநேரி தாண்டி 100-ல் போகும்போது முள் மெல்ல ஏறும், 80-க்குக் குறைத்தால் இறங்கும், மறுபடி மிதித்தால் மறுபடி ஏறும்.

முதலில் காட்டிய ஒர்க்‌ஷாப்பில் பானட்டைத் திறந்து ஒரு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை, இன்ஜின் தண்ணீரை ஆற்றுகிற ரேடியேட்டரின் ஃபேன் மோட்டார் போச்சு என்றார்கள். 4,500 ரூபாய். மாற்றினேன். அடுத்த வாரம் அதே நாங்குநேரி, அதே முள்.

அன்று திரும்பி வரும்போது ஆடிக்காற்று. காவல்கிணறு தாண்டி முப்பந்தல் வந்தால் ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து நேர் எதிரே அடிக்கிறது, காற்றாலைகள் பேய் மாதிரி சுற்றுகின்றன, ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இவ்வளவு காற்று ரேடியேட்டர் மூஞ்சியில் அடித்தும் முள் இறங்கவில்லை. இசக்கியம்மன் கோயில் பக்கம் ஓரங்கட்டி நின்றபோதுதான் உறைத்தது: காற்றுக்கா பஞ்சம்? ஓடுகிற வண்டிக்கு ஃபேன் எதற்கு?

தக்கலையில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். அவர் முதலில் கேட்டதே, "மக்களே, நிக்கும்போ சூடாவுதா, ஓடும்போ சூடாவுதா?" நின்றால் சூடு என்றால் ஃபேனைப் பார்க்கணும், வேகத்தில் மட்டும் சூடு என்றால் தண்ணீர் ஓட்டத்தைப் பார்க்கணும். வேகமாக ஓடும்போது இன்ஜின் அதிகச் சூட்டைக் கக்கும், அதை வெளியேற்ற ரேடியேட்டருக்குத் திராணி இருக்கணும், அவ்வளவுதான் கணக்கு.

என்னை இன்ஜினை 3,000 ஆர்பிஎம்மில் பிடிக்கச் சொல்லிவிட்டு, ரேடியேட்டரிலிருந்து இன்ஜினுக்குத் தண்ணீர் போகிற கீழ் ஹோஸையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே ஸ்பிரிங் துருப்பிடித்துப் போயிருந்தால் பம்பு இழுக்கிற இழுப்பில் ஹோஸ் சப்பிப்போகுமாம். சப்பவில்லை. அப்புறம் தண்ணீர் சூடானதும் ரேடியேட்டருக்கு வழிவிடுகிற வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றிச் சட்டியில் தண்ணீர் வைத்துச் சூடாக்கினார்; 82 டிகிரியில் வாய் திறக்கத் தொடங்கி 95-க்குள் முழுக்கத் திறந்துவிட்டது, அதிலும் குற்றமில்லை. ரேடியேட்டர் மூடியையும் விடவில்லை. குக்கர் மாதிரிதான் அதுவும், 0.9 பார் அழுத்தம் நின்றால் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் வெடித்திருந்தால் அழுத்தம் நிற்காது. எங்களுடையது நன்றாகவே இருந்தது. இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கிற ஹெட் கேஸ்கட் போயிருக்குமோ என்றுதான் நான் பயந்துகொண்டிருந்தேன், ஆனால் இன்ஜின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்தால் குமிழி எதுவும் வரவில்லை, ஆயிலும் பால் மாதிரி ஆகவில்லை.

கடைசியில் துப்பாக்கி மாதிரி இருக்கிற அந்த வெப்பமானியை ரேடியேட்டரில் காட்டினார். மேலே 90-ஐ ஒட்டி. கீழே ஒரு சாண் அகலத்துக்கு 50-தான். குளிர்ச்சியாக இருப்பது நல்லதுதானே அண்ணாச்சி என்று கேட்டேன். சிரித்துவிட்டார். "அங்க வெள்ளமே போகல்ல மக்களே, அடைச்சுக் கெடக்கு." வெள்ளம் என்றால் எங்கள் பக்கம் தண்ணீர்.

அடைத்தது யார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அப்பா அந்தக் காலத்து அம்பாசிடர் பழக்கத்தில், கூலன்ட் குறைந்தால் போர் தண்ணீரை ஊற்றிவிடுவார். எங்கள் தெருப் போர் தண்ணீரில் இட்லிப் பானையே வெள்ளையாகப் பூத்துவிடும், அந்த மெல்லிய குழாய்கள் என்ன பாடுபட்டிருக்கும்! அலுமினியமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த ரேடியேட்டர் என்பதால் பழைய பித்தளை ரேடியேட்டர் மாதிரி பிரித்துக் கம்பி விட்டுக் குத்தி எடுக்க வழியில்லை, புதுசுதான் போட்டோம். உள்ளே நன்றாக ஃபிளஷ் செய்து, கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி.

வழியில் முள் ஏறினால் ஏசியை அணைத்து ஹீட்டரை முழுக்கத் திறந்துவிடுங்கள், கொஞ்சம் சூட்டை அது இழுத்துக்கொள்ளும். சிவப்பைத் தொட்டுவிட்டால் ஓரங்கட்டி அணைத்துவிடுங்கள். ஆறாமல் மூடியில் கைவைக்கவே கூடாது, கொதிதண்ணீர் முகத்துக்கு வரும்.

போன வாரம் மதுரை போய் வந்தோம், 100-லேயே. முள் அசையவில்லை. டிக்கியில் மட்டும் அப்பாவின் 2 லிட்டர் போர் தண்ணீர் பாட்டில் இன்னும் உருண்டுகொண்டிருக்கிறது. கை கழுவ என்று சொல்லி வைத்திருக்கிறேன்.