குளோசிங் நேரத்து பி.பி.

மலேசியாவின் பினாங்கில் ஃபார்வர்டிங் வேலைக்கு, அதாவது கம்பெனிகளின் சரக்கைக் கப்பலேற்றிவிடும் வேலைக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் சரக்கு ஏற்றிய கண்டெய்னர், பாலம் தாண்டி, பட்டர்வொர்த் துறைமுகத்துக்குள் குறித்த நேரத்துக்குள் நுழைந்துவிட வேண்டும். அந்தக் கடைசி நேரத்தைத்தான் நாங்கள் 'குளோசிங்' என்போம். கே2 என்ற கஸ்டம்ஸ் ஏற்றுமதிப் படிவத்தில் ஓர் எண் தப்பினாலும் சரி, பாலத்தின் நடுவில் ஒரு கார் மக்கர் பண்ணினாலும் சரி, குளோசிங் போச்சு. கப்பல் யாருக்காகவும் நிற்காது.

அரசாங்க கிளினிக்கில் பி.பி. பார்க்க உட்கார்ந்தபோதும் இந்த வேலைதான் கையில் இருந்தது. பட்டையைச் சுற்றிய கையை நீட்டிக்கொண்டு, இன்னொரு கையால் ஒரு லாரிக்காரருக்குப் பதில் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, போனை வைங்க. கால் மேல கால் போடாதீங்க. அஞ்சு நிமிஷம் பேசாம உட்காருங்க" என்றார் மிஸ்ஸி. நர்ஸை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்.

முதலில் 158/98. ஐந்து நிமிடம் சும்மா இருந்த பிறகு 150/96. பேசினாலும், சிறுநீரை அடக்கிக்கொண்டிருந்தாலும், கை தொங்கினாலும் எண் கூடுதலாகக் காட்டுமாம். அதையெல்லாம் கழித்தும் எனக்கு அதிகம்தான். கிளினிக்கில் 140/90, வீட்டில் 135/85, அதைத் தாண்டினால் இரத்தக் கொதிப்பு என்றார் டாக்டர். இரண்டு வாரம் வீட்டில் பார்த்து எழுதி வரச் சொன்னார். எழுதிக் கொண்டுபோன எண்களைப் பார்த்துவிட்டு அம்லோடிபின் என்ற பி.பி. மாத்திரையை 5 மில்லிகிராம் ஆரம்பித்தார்.

அலுவலகத்தில் விஷயம் பரவியது. "பாசிட்டிவா நினைங்க லா, எல்லாம் இறங்கிடும்" என்றார் மேனேஜர். எரிச்சலாக இருந்தது. இப்படித்தான் ஒரு முறை பேச்சாளர் ஒருவரைக் கூட்டி வந்து, எங்களை எழுப்பி நிறுத்தி, "நான் அமைதியானவன்" என்று மூன்று முறை கத்தவிட்டார்கள். கத்தி முடித்து மேசைக்கு வந்தால், கஸ்டம்ஸில் ஒரு சரக்கு நின்றுகொண்டிருந்தது. அமைதி அங்கேயே இறங்கிப் போய்விட்டது.

ஆனாலும் நோட்டுப் புத்தகம் கையில் இருந்ததே. காலை எண், மாலை எண், அதோடு மூன்றாவதாக ஒரு பத்தி போட்டேன்: 'அப்போது மனதில் என்ன ஓடியது'. வெறும் குறும்புக்குத்தான். ஒரு நாள் மிஷினை வேலைக்கு எடுத்துப் போயிருந்தேன். ஒரு போன் முடிந்த கையோடு கட்டிப் பார்த்தால் 156. பத்து நிமிடம் கால் தரையில் பட, முதுகு சாய்ந்து உட்கார்ந்து மறுபடி பார்த்தேன்: 141. அதே கை, அதே மாத்திரை, அதே நாற்காலி. மூன்றாவது பத்தியில் நான் எழுதியிருந்தது: "போச்சு, எல்லாம் போச்சு."

பக்கங்களைத் திருப்பினேன். பாதி நாளில் அதே வாசகம். லாரி எங்கே நிற்கிறது என்று கேட்பதற்கு முன்பே எனக்குள் எல்லாம் போய்விட்டிருந்தது. நிஜத்தில் என்ன நடந்திருக்கிறது? இத்தனை வருடத்தில் குளோசிங் தவறிய பெட்டிகள் உண்டு. அடுத்த கப்பலுக்கு மாற்றியிருக்கிறோம், கூடுதல் கட்டணம் கட்டியிருக்கிறோம், திட்டு வாங்கியிருக்கிறோம். அதற்காக எங்களில் ஒருவருக்கும் வேலை போனதில்லை. 'எல்லாம் நல்லபடியாக நடக்கும்' என்று நினைக்க எனக்கு வராது, பொய் சொல்வது போல இருக்கும். 'போன தடவை என்ன ஆச்சு?' என்று கேட்டுக்கொள்ள வந்தது. என் பாசிட்டிவ் சிந்தனை அவ்வளவுதான்.

பதற்றத்தில் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, இரத்தக் குழாய்கள் இறுகுகின்றன, எண் ஏறுகிறது. பதற்றம் போனால் அந்த ஏற்றமும் இறங்கிவிடும். எனக்கு அதைவிடப் பெரிய வினை அதற்குப் பின்னால் வந்ததுதான். பதற்றம் தணிக்க ஒரு சிகரெட், மதியம் நாசி கண்டார் சோற்றுக் கடையில் "குழம்பு பாஞ்ஜிர்", அதாவது வெள்ளமாக விடுங்கள், என்று தட்டு நிறைய ஊற்றிக்கொள்வது, ராத்திரி தூக்கமில்லாமல் மறுநாள் குளோசிங்கை நினைப்பது. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். சுமார் ஒரு தேக்கரண்டி. என் தட்டுக் குழம்பிலேயே அது முடிந்திருக்கும். மனம் கொஞ்சம் ஆறியபோதுதான் "குழம்பு கொஞ்சமா போடுங்க அண்ணே" என்று சொல்ல வாய் வந்தது. சிகரெட்டோடு மட்டும் இன்னும் சண்டை.

போன் அடித்ததும் எடுப்பதற்கு முன் ஒரு நீண்ட மூச்சு. மாலையில் நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்று ஐந்து நிமிடம். வாரத்தில் நான்கு நாள் தண்ணீர்மலைப் பக்கம் தாவரவியல் பூங்காவில் நடை. அங்கே குரங்குகள் கையில் இருக்கும் பையைப் பறிக்கும். அது வேறு பி.பி.

ஆறு மாதத்தில் காலை எண் 132/82 பக்கம் வந்தது. "அப்ப மாத்திரையை நிறுத்திடலாமா டாக்டர்?" என்று ஆசையாகக் கேட்டேன். "அதைச் சாப்பிட்டுக்கிட்டேதானே 132?" என்றார். மாத்திரை எவ்வளவு, குழம்பு எவ்வளவு, மூச்சு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அவராலும் முடியவில்லை. மாத்திரை தொடர்கிறது.

போன வெள்ளிக்கிழமை நாலரை மணிக்குப் போன். லாரி பாலத்தில் நிற்கிறது, முன்னால் விபத்து, ஆறு மணிக்குக் குளோசிங். "சரி அண்ணே, எந்த இடத்துல நிக்கிறீங்க?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு நானே கொஞ்சம் ஆச்சரியப்பட்டேன். பெட்டி ஆறு மணிக்குப் போய்ச் சேரவில்லை. வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தேன்: 138/86. மூன்றாவது பத்தியில், "அடுத்த கப்பல் செவ்வாய். கடுப்பாகத்தான் இருக்கிறது."