ஷூக் வரஞ்ச ஆப்பிளும் அந்த வெள்ளைத் துணியும்

இம்ப்ரெஷனிசம்னாலே, அதாவது கண்ணுல படற வெளிச்சத்தையும் நிறத்தையும் அந்தக் கணத்துலயே பிடிக்கப் பாத்த பிரெஞ்சு ஓவியப் பாணின்னாலே, அதுல பேர் போன மோனே, அவரோட அல்லிக்குளம், வெயில்னுதான் மனசு ஓடும். ஆஸ்திரியாக்காரங்க மேசை மேல பழம், பாத்திரம் வெச்சு வரஞ்ச ஸ்டில் லைஃப்ல அதுக்கு என்ன வேலைன்னு கேட்டா, நான் கார்ல் ஷூக்ங்கற ஓவியர் பேரைத்தான் சொல்லுவேன்.

அவருக்கு முந்தின தலைமுறைல வியன்னாவோட பெரிய கை ஓவியர் வால்ட்முல்லர். அவரு வரஞ்ச ரோஜாவுல இதழை ஒண்ணொண்ணா எண்ணிடலாம், வெள்ளிப் பாத்திரம் பளபளன்னு மின்னும். அருமைதான், ஆனா எல்லாத்தையும் கழுவித் தொடச்சு வெச்ச மாதிரி எனக்கு ஒரு சலிப்பு.

ஷூக் 1846ல வியன்னால பொறந்தவரு, குடும்பச் சொத்து இருந்ததால படத்தை வித்துதான் சோறுங்கற நெலமை இல்ல, 1882லேர்ந்து 1894 வரைக்கும் பாரிஸ்லயே உக்காந்துட்டாரு. அங்க கண்காட்சி கண்காட்சியா சுத்தி, எந்த நிறத்துக்குப் பக்கத்துல எந்த நிறம் வெச்சிருக்காங்கன்னு நோட்டுல எழுதி எழுதி வெச்சுக்கிட்டாரு. மோனே மேல பெரிய மரியாதை. ஆனா மனுஷன் வீட்டுக்குள்ளயே, இருட்டுச் சுவத்துக்கு முன்னாடி, ஆப்பிள், லீக் (வெங்காயத் தாள் மாதிரி ஒரு காய்), பூசணி, ஆஸ்பராகஸ் (தண்டு மாதிரி ஒரு காய்)னு வரஞ்சிட்டு இருந்தாரு (1880ல மானே, அவரு மோனே இல்ல, வேற பிரெஞ்சு ஓவியர், அவரு கூட ஒரு கட்டு ஆஸ்பராகஸ் வரஞ்சிருக்காரு, ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாக்கணும்). பின்னணி கருப்பா இருக்கறதால பழைய டச்சுக்காரங்க பாணின்னு நெனச்சு தாண்டிப் போயிடுவோம், கொஞ்சம் நின்னு அந்த ஆப்பிளுக்குக் கீழ கெடக்கற வெள்ளைத் துணியைப் பாருங்க, சுத்த வெள்ளைன்னு எங்கயுமே இல்ல, சாம்பல், நீலம், லேசா பச்சை, ஆப்பிளோட சிவப்பு அதுல கசிஞ்சு கெடக்கும், ஓரக்கோடே கெடையாது, பட்டையா இழுத்த தூரிகைதான் உருண்டையைக் காட்டுது. வெளிச்சத்தைக் கூட்டறத விட நிறத்துக்கும் நிறத்துக்கும் உள்ள உறவுதான் அவரு பிரெஞ்சுக்காரங்க கிட்ட எடுத்துக்கிட்டதுன்னு எனக்குத் தோணுது.

அதே காலத்து இன்னொரு வியன்னா ஓவியர் ஓல்கா விஸிங்கர் ஃப்ளோரியான் இதுக்கு நேர் எதிர். மேடையில பியானோ வாசிச்சிட்டு இருந்தவங்க, அத விட்டுட்டு இயற்கைக் காட்சி வரையற ஷிண்ட்லர் கிட்ட ஓவியம் கத்துக்கிட்டாங்க. அப்போ வியன்னா ஓவிய அகாடமில பொண்ணுங்களுக்கு இடமே இல்ல, 1920லதான் சேத்தாங்க. பூ வரையறதுதான் பொம்பளைங்களுக்குன்னு ஒதுக்கி வெச்சிருந்த காலம், சரின்னு பூவையே எடுத்துக்கிட்டாங்க, ஆனா ஜாடியில இருந்தத வயலுக்கும் தோட்டத்துக்கும் கொண்டு போயி பெயின்ட்ட அப்பி அப்பி வரஞ்சாங்க. அது ஸ்டில் லைஃபா லேண்ட்ஸ்கேப்பான்னு சண்டை போடறவங்க போடட்டும்.

1903 தொடக்கத்துல வியன்னா செசெஷன்ங்கற புதுப்பாணி ஓவியர் சங்கம் இம்ப்ரெஷனிசத்துக்குன்னே ஒரு பெரிய கண்காட்சி வெச்சுது, மானே, மோனே, செசான், வான்கோ படமெல்லாம் வந்து எறங்குச்சு. அப்போ ஷூக் அதே ஊர்லதான், மனநோய் முத்திப் போய் கெடந்தாரு, அந்த செப்டம்பர்ல செத்தும் போனாரு. பேரு வந்ததெல்லாம் அதுக்கப்புறம்தான்.

ரெண்டு பேரோட படமும் வியன்னா பெல்வெடேர் மியூசியத்தோட ஆன்லைன் கலெக்‌ஷன்ல இருக்கு, போன்ல வேணாம், பெரிய ஸ்க்ரீன்ல ஜூம் பண்ணிப் பாருங்க.